ஆவன செய்யவும்: மாநிலங்களவையிலிருந்து மதுரை மேயர் நாற்காலிக்கு

மதுரை மாநகராட்சி அலுவலகமான தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகைக்கு மனு கொடுக்கப் போகிறவர்களில் விவரமானவர் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவார். ஒன்று மேயருக்கு, இன்னொன்று கமிஷனருக்கு. அவரையும்விட விவரமானவர், ஏரியா உதவிப் பொறியாளருக்கென்று மூன்றாவது பிரதியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நம் ஊரில் எந்தப் பெரிய நாற்காலிக்கு மனு போனாலும் அதன் ஓரத்தில் 'ஆவன செய்யவும்' என்று எழுதி, தேதி போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ளுவது வழக்கம். எழுதுகிறவர் எம்.பி.யாக இருந்தாலும் மேயராக இருந்தாலும் அந்த இரண்டு சொல் மாறுவதில்லை. செய்ய வேண்டியவர் வேறொருவர் என்பதுதான் அதன் பொருள்.

அந்த மேயர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒருவரின் அரசியல் பாதையைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வி.வி. ராஜன் செல்லப்பா. அ.தி.மு.க.காரர். 1992 முதல் 1998 வரை மாநிலங்களவை உறுப்பினர். 2011 அக்டோபரில் மதுரை மேயர். 2016இல் மதுரை வடக்கு எம்.எல்.ஏ. 2021இல் திருப்பரங்குன்றம் எம்.எல்.ஏ. அதாவது முதலில் டெல்லி, அப்புறம் மதுரை, அதன் பிறகு சென்னைக் கோட்டை. ஏணியில் ஏறுகிறவர்கள் இந்த வரிசையில் ஏறுவதில்லை. நாட்டின் மேலவையில் உட்கார்ந்து வந்தவருக்குச் சாக்கடை அடைப்புக்குப் பதில் சொல்லும் வேலை எதற்கு? அவரைப் புகழவோ இகழவோ இதை எழுதவில்லை. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம் ஊர் மேயர் பதவி உண்மையில் என்னவென்று தெரியவரும். எனக்கு அதில்தான் ஆர்வம்.

ஏணியும் அதன் படிகளும்

மதுரையின் பழைய வழக்கத்துக்கு என்.எம்.ஆர். சுப்பராமனைச் சொல்லலாம். 1930களில் நகராட்சித் தலைவர். 1962இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். தெருவிலிருந்து டெல்லிக்குப் போன பாதை அது. ஊர்க்காரியம் பார்த்துப் பெயர் வாங்கு, பிறகு பெரிய சபைக்குப் போ என்பது அந்தக் காலத்து முறை.

1971 மே 1ஆம் தேதி மதுரை மாநகராட்சி ஆனது. நகராட்சியாகத் தொடங்கிய 1866இலிருந்து கணக்குப் பார்த்தால் நூற்றைந்து வருஷம் கழித்து. முதல் மேயர் தி.மு.க.வின் மதுரை முத்து. 1972இல் எம்.ஜி.ஆர். கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவரை மதுரையில் முன்னால் நின்று எதிர்த்தவர்களில் முத்து ஒருவர். காலம் போனது, அதே எம்.ஜி.ஆர். கட்சிக்கு முத்து போனார், மறுபடி மேயர் ஆனார். இதில் கொள்கை எங்கே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் கவனிப்பது வேறு. இரண்டு கட்சிக்கும் முத்து தேவைப்பட்டார். நாற்காலி அவருக்குச் செல்வாக்குக் கொடுக்கவில்லை, அவருடைய செல்வாக்கைத்தான் நாற்காலி கடன் வாங்கிக்கொண்டது. 'மேயர் முத்து' என்று பதவியே பெயரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான். அதற்குப் பிறகு வந்த எத்தனை மேயர்களின் பெயரை ஒரு மதுரைக்காரரால் யோசிக்காமல் சொல்ல முடியும்?

சென்னையில் கதை வேறு மாதிரி. 1989இலேயே எம்.எல்.ஏ. ஆகிவிட்ட மு.க. ஸ்டாலின் 1996இல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்த மேயர் ஆனார். அப்போது எம்.எல்.ஏ. பதவியும் கூடவே இருந்தது. 2001இல் மறுபடி மேயராக ஜெயித்தார். 2002இல் ஒரே ஆள் இரண்டு பதவியிலும் இருக்கக் கூடாது என்று அ.தி.மு.க. அரசு சட்டம் கொண்டுவந்தது, மேயர் பதவி கையைவிட்டுப் போனது. அந்தச் சட்டம் யாரைக் குறிவைத்து வந்ததென்று அப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் விளைவு எல்லாக் கட்சிக்கும் பொருந்தியது. அதன் பிறகு எம்.எல்.ஏ.வா, மேயரா என்று ஒருவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் எதை எடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஸ்டாலின் 2006இல் உள்ளாட்சித் துறை அமைச்சர் ஆனார். மேயராக இருந்தவர் எல்லா மேயர்களுக்கும் மேலே உட்கார்ந்தார். அவருக்குப் பின் 2006இல் சென்னை மேயரான மா. சுப்பிரமணியன் 2016இல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., 2021இல் அமைச்சர்.

ராஜன் செல்லப்பா இவர்கள் யார் மாதிரியும் இல்லை. அவர் மாநிலங்களவைக்குப் போனது தெருவில் ஓட்டுக் கேட்டு அல்ல. எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடும் தேர்தல் அது. கட்சித் தலைமை பெயரை எழுதினால் போதும். 1991இல் அமோகமாக ஜெயித்த ஜெயலலிதா கட்சிக்கு 1992இல் அந்த இடங்களை நிரப்புவது பெரிய பாடாக இல்லை. அவர் உறுப்பினராக இருந்த நேரத்தில்தான் எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்ற திட்டமே வந்தது. 1993 டிசம்பரில் தொடங்கியது, முதல் வருஷம் 5 லட்சம், அடுத்த வருஷத்திலிருந்து 1 கோடி. ஆனாலும் மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி என்று ஒரு மண் கிடையாது. ஆறு வருஷம் முடிந்தால் பெயருக்கு முன்னால் 'முன்னாள் எம்.பி.' மிஞ்சும். 'இது என் ஏரியா' என்று காட்ட ஒரு வார்டுகூட இருக்காது.

மேயர் பதவி அந்தக் குறையை அடைக்கும் மருந்து என்பது என் கணிப்பு. மற்றவர்களுக்கு அது ஏணியின் முதல் படி. இவருக்கு, மேலே இருந்து இறங்கிவந்து வேர் விட்ட இடம்.

நாற்காலியில் என்ன இருக்கிறது

சரி, அந்த நாற்காலியில் என்னதான் இருக்கிறது? 1971ஆம் ஆண்டின் மதுரை மாநகராட்சிச் சட்டத்தைப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். செயல் அதிகாரம் ஆணையரிடம். ஆணையரை நியமிப்பது மாநில அரசு, மாற்றுவதும் மாநில அரசு. சம்பளப் பட்டியல், டெண்டர், ஊழியர் மாறுதல், கட்டட அனுமதி என்று காகிதம் நகரும் பாதையெல்லாம் ஆணையர் மேஜை வழியாகத்தான். ஒரு வேலையின் தொகை கூடக்கூட நிலைக்குழு, மன்றம் என்று ஒப்புதல் ஏறிப் போய் கடைசியில் கோட்டையில் நிற்கும். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய தனித்தனிச் சட்டங்கள் போய்விட்டன. ஆணையர், மேயர் எடைக்கல் மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஊரில் பெரிய விஷயம் எதை எடுத்தாலும் அதற்குத் தனி ஆள் இருக்கிறார். டவுன் பஸ் போக்குவரத்துக் கழகத்தில். போலீஸ் போலீஸ் கமிஷனரிடம். மீனாட்சி கோயில் அறநிலையத் துறையில். பெரிய குடிநீர்த் திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையும் பட்டுத்தான் வரும். சித்திரை முதல் ஆவணி வரை மதுரையில் மீனாட்சி ஆட்சி, மிச்ச எட்டு மாதம் சொக்கநாதர் ஆட்சி என்று நாம் ஒரு முறை வைத்திருக்கிறோம். மேயருக்கு அதில் ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் நான்கு மாசி வீதியிலும் மலையாகக் கிடக்கிற குப்பையை அள்ளுவது மட்டும் மாநகராட்சியின் பங்கு.

சம்பளத்துக்காக யாரும் வருவதில்லை. மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், கவுன்சிலருக்கு 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்ததே 2023இல்தான். அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் ஒரு படி, அவ்வளவுதான்.

சட்டத்தில் இல்லாத ஒன்று நாற்காலியில் உண்டு. நேரடித் தேர்தலில் ஜெயித்த மேயருக்கு ஊர் முழுவதும் விழுந்த ஓட்டு இருக்கும். ஒரு எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது தொகுதியின் ஓட்டு. மதுரை மேயருக்கு வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று பல தொகுதிகளில் இருந்து விழுகிறது. ஒவ்வொரு வார்டிலும் கட்சியின் வட்டச் செயலாளர் யார், எந்தத் தெருவில் யார் பேச்சு எடுபடும், எந்தச் சங்கத்துக்கு மண்டபம் வேண்டும் என்ற விவரமெல்லாம் ஐந்து வருஷத்தில் தானாகக் கைக்கு வந்து சேரும். இந்த விவரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

2011: ஊரும் பெரிதாகிறது, ஓட்டும் பெரிதாகிறது

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நிலையான மனசு கிடையாது. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மதுரையில் தேன்மொழி கோபிநாதன் முதல் பெண் மேயரானது அப்படித்தான். 2011இல் மறுபடி நேரடி. 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். எந்தக் கட்சிக்கு எந்த முறை அந்த நேரத்தில் வசதியோ அந்த முறை என்று சொல்லிவிட்டுப் போகலாம், பெரிய பிழை இருக்காது. ஆனால் ராஜன் செல்லப்பாவின் கதைக்கு இது அச்சாணி. 2011 தேர்தல் மறைமுகமாக நடந்திருந்தால், முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் முதலில் ஏதாவது ஒரு வார்டில் கவுன்சிலராக நின்றிருக்க வேண்டும். அந்த அளவுக்கு இறங்கிவர எத்தனை பேருக்கு மனம் வரும்?

அந்த வருஷம் மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்திருந்தது. மதுரையின் எம்.பி.யாகவும் மத்திய அமைச்சராகவும் மு.க. அழகிரி இருந்தார். அதற்கு முந்தைய மன்றத்தில் மேயர் தி.மு.க.காரர். சட்டமன்றத் தேர்தலில் தன் கூட்டணியில் இருந்த தே.மு.தி.க.வை விட்டுவிட்டு அ.தி.மு.க. உள்ளாட்சித் தேர்தலில் தனியாக நின்றது. அப்போது இருந்த பத்து மாநகராட்சிகளிலும் மேயர் பதவி அதற்கே போனது. அழகிரியின் ஊரில் மேயர் நாற்காலியைப் பிடிக்கப் புதுமுகத்தை விடாமல் பழைய கையை இறக்கியது எனக்கு வியப்பாக இல்லை.

அதே தேர்தலில்தான் ஊரின் எல்லையும் விரிந்தது. 72 வார்டு 100 ஆனது. 51.82 சதுர கிலோமீட்டர் 147.99 சதுர கிலோமீட்டர் ஆனது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் என்ற மூன்று நகராட்சிகள், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி என்ற மூன்று பேரூராட்சிகள், 11 கிராம ஊராட்சிகள் எல்லாம் ஒரே நாளில் மாநகரம்.

என் சித்தப்பா திருநகர்க்காரர். அந்தத் தேர்தலில் மேயருக்கு ஓர் ஓட்டு, கவுன்சிலருக்கு ஓர் ஓட்டு என்று போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "முன்னாடியெல்லாம் சேர்மனைப் பால் கடையில பாத்துப் பேசிருவேன்டா. இனி மேயரைப் பாக்கணும்னா பெரியார்ல இறங்கி இன்னொரு பஸ் மாறணும்." கணக்கு சரிதான். திருநகர் ஊரின் தென்மேற்கு ஓரம், அண்ணா மாளிகை வைகைக்கு வடக்கே. பேரூராட்சித் தலைவர் என்றால் கூப்பிடு தூரத்தில் இருப்பவர். அவருக்கு அதிகாரம் குறைவு, ஆனால் ஒளிய இடமும் குறைவு. திருப்பரங்குன்றமும் அவனியாபுரமும் அவ்வளவு காலம் தங்களுக்கென்று நகர்மன்றத் தலைவர் வைத்திருந்த ஊர்கள். ஒரு கையெழுத்தில் அங்கே இருந்த பதவியெல்லாம் கரைந்து வார்டு எண்ணாகிப் போனது. 'சேர்ந்த 28 வார்டு' என்று மாநகராட்சிப் பேச்சில் தனியாகவே ஒரு பெயர் வந்துவிட்டது. குடிநீர், பாதாளச் சாக்கடை என்று எதை எடுத்தாலும் பழைய 72க்கு ஒரு கணக்கு, இந்த 28க்கு ஒரு கணக்கு. பல வருஷம் கழித்தும் அந்தப் பிரிவு மறையவில்லை.

புது மேயருக்கு இது தலைவலி. அரசியல்வாதிக்கு வாய்ப்பு. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் சுவாரசியம்.

ஐந்து வருஷம்

மேயரின் காலத்தை எதைக் கொண்டு அளப்பது? என்ன சாதித்தார் என்று பட்டியல் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பட்டியலில் முக்கால்வாசி மாநில அரசின் திட்டமாக இருக்கும். அம்மா உணவகத்தையே எடுத்துக்கொள்வோம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. அதே வருஷம் ஜூனில் மதுரை உட்பட மற்ற ஒன்பது மாநகராட்சிகளுக்கும் வந்தது, ஊருக்குப் பத்துக் கடை. இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். சமையல்கூடம் மாநகராட்சியுடையது, நஷ்டமும் மாநகராட்சிக் கணக்கில். போர்டில் இருந்த படம் முதலமைச்சருடையது. கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தட்டோடு நின்றபோது யாரும் மேயரை நினைத்துக்கொள்ளவில்லை. நினைக்கக் காரணமும் இல்லை.

வருமானப் பக்கம் பார்த்தால் இன்னும் வறட்சி. 2008இல் சொத்து வரி பொதுச் சீராய்வு நடந்தது. அடுத்தது 2018இல் அறிவித்து, எதிர்ப்பு வந்து, 2019இல் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022இல்தான் ஏறியது. 2011 முதல் 2016 வரையான மன்றம் முழுக்கப் பழைய விகிதத்தில்தான் வண்டி ஓட்டியது. ஊர் மூன்று மடங்கு, வரி விகிதம் பழையது. இதில் மேயர் திறமைசாலியா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. வரியை ஏற்றுவதா வேண்டாமா என்பது கோட்டையின் தேர்தல் கணக்கு.

குடிநீர்க் கதையும் இப்படித்தான். வைகை அணைத் தண்ணீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் மதுரைக்கு வருகிறது. அணையில் நீர் இறங்கினால் இங்கே நான்கு நாளுக்கு ஒருமுறை. முல்லைப்பெரியாறு லோயர் கேம்பிலிருந்து நேராகக் குழாய் போட்டுக் கொண்டுவரும் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது மதுரையில் மேயரே கிடையாது. ஊரின் மிகப் பெரிய தண்ணீர் முடிவு, ஊர் தேர்ந்தெடுத்த ஒரு ஆள்கூட இல்லாத மாளிகையில் நகர்ந்தது. எப்படி அந்த நிலை வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அந்த ஐந்து வருஷத்தில் நான் உற்றுப் பார்த்தது ஆட்களின் நடமாட்டத்தை. 2011இல் மதுரைத் துணை மேயர் ஆர். கோபாலகிருஷ்ணன். 2014 மக்களவைத் தேர்தலில் அவருக்கு மதுரை சீட்டு கிடைத்தது, ஜெயித்து டெல்லி போனார். மேடையில் நடு நாற்காலியில் இருந்தவர் டெல்லியைப் பார்த்துவிட்டு வந்தவர். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் டெல்லிக்குப் போகப்போகிறவர். அதே 2014இல் திருநெல்வேலி மேயர் விஜிலா சத்யானந்த், தூத்துக்குடி மேயர் சசிகலா புஷ்பா இருவரும் மேயர் பதவியை விட்டு மாநிலங்களவைக்குப் போனார்கள். ராஜன் செல்லப்பா இறங்கிவந்த படியில் அவர்கள் ஏறிப் போனார்கள். கோவையில் மேயராக இருந்தவர் செ.ம. வேலுசாமி, முன்னாள் அமைச்சர். மாநில அளவில் பெயர் வாங்கிவிட்டு நகரத்துக்கு வந்தவர் என்ற வகையில் மதுரைக்கு மிக நெருங்கிய உதாரணம் அவர்தான். அவரும் 2014இல் ராஜினாமா செய்தார். அந்த செப்டம்பருக்கு மூன்று மாநகராட்சிக்கும் மேயர் இடைத்தேர்தல் அறிவிக்க வேண்டி வந்தது.

பத்துப் பேரில் மூன்று பேர் மூன்றே வருஷத்தில் காலி. மக்கள் ஐந்து வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கட்சி நடுவில் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறது, யாரும் கேட்பதில்லை. மேயர் நாற்காலி கட்சிக்குப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி. வண்டி வரும்வரை உட்காரலாம். அந்தக் கணக்கில் மதுரை மேயர் 2016 வரை உட்கார்ந்திருந்ததே தனித்துச் சொல்ல வேண்டியது.

2016இல் வந்த வண்டி

சட்டமன்றத் தேர்தல் 2016 மே. மதுரை வடக்கில் அ.தி.மு.க. அவரை நிறுத்தியது. எதிரில் தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர். வடக்குத் தொகுதிக்குள்தான் தல்லாகுளம், அதாவது அண்ணா மாளிகை. ஐந்து வருஷம் வேலை பார்த்த கட்டடத்தின் ஓட்டையே கேட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஜெயித்தார். ஒருவருக்கு ஒரு பதவிதான் என்ற நிலையில் மேயர் பதவி போனது. மன்றத்தின் காலம் முடிய ஐந்து மாதம்தான் பாக்கி, ஆகவே பெரிய சலசலப்பு இல்லை. மாநிலங்களவை எம்.பி.யாக இருந்தவருக்கு முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி. எனக்குத் தெரிந்து மேயர் நாற்காலி அவருக்குச் செய்த பெரிய உதவி இதுதான்.

மாநகராட்சிக்கு அது நல்ல நேரமாக இல்லை. 2016 ஜூனில் மேயர் தேர்தலை மறுபடி மறைமுகமாக்கினார்கள். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தொடுத்த வழக்கு. அந்த மாதமே மன்றத்தின் காலம் முடிந்தது. தனி அலுவலர் வந்தார். அதற்குப் பிறகு வார்டு வரையறை, வழக்கு, கொரோனா என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. 2022 பிப்ரவரி 19 வரை மதுரைக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஐந்து வருஷத்துக்கும் மேல்.

அந்த இடைவெளியில்தான் ஊரின் நடுவே பெரிய பணம் இறங்கியது. 2016 செப்டம்பரில் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்தார்கள், பல வருஷம் பலகை அடைத்து வைத்திருந்தார்கள், 2021 டிசம்பரில் திறந்தார்கள். கடைக்காரர், ஆட்டோக்காரர், பூக்காரம்மா என்று எத்தனை பேர் நடுவில் இடம் மாறினார்கள்! போய்ச் சண்டை போட ஒரு கவுன்சிலர் இல்லை. அதிகாரமில்லாத மேயர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த வருஷங்களைக் காட்டுவேன். சண்டை போட ஒரு முகவரி இருப்பதே ஒரு அதிகாரம்தான், நம்முடைய அதிகாரம்.

திருப்பரங்குன்றம்

ராஜன் செல்லப்பாவின் பெயர் மாநிலம் முழுக்கப் பேச்சானது 2019 ஜூனில். மக்களவைத் தேர்தலில் கட்சி மோசமாகத் தோற்றிருந்தது. மதுரையில் அவருடைய மகன் ராஜ் சத்யன் நின்று மார்க்சிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசனிடம் தோற்றிருந்தார். அப்போது கட்சிக்கு ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி என்று இரட்டைத் தலைமை. கட்சிக்கு ஒற்றைத் தலைமை வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அன்றைக்குப் பலர் முகம் சுளித்தார்கள். 2022இல் கட்சி அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. மாநகராட்சி மன்றத்தில் ஐந்து வருஷம் தலைமை வகித்தவர் என்பதற்காக யாரும் அன்று அவர் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. எம்.எல்.ஏ., மாவட்டச் செயலாளர் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

2021இல் தொகுதி மாறினார். திருப்பரங்குன்றம் ஒரு விசித்திரமான தொகுதி. 2016 மே மாதம் ஜெயித்த சீனிவேல் பதவி ஏற்கும் முன்பே இறந்தார். நவம்பரில் இடைத்தேர்தல், ஏ.கே. போஸ் ஜெயித்தார், 2018இல் அவரும் இறந்தார். 2019 மே இடைத்தேர்தலில் தி.மு.க.வின் சரவணன். 2021 ஏப்ரலில் பொதுத்தேர்தல். சட்டமன்றத்துக்கு மட்டும் ஐந்து வருஷத்துக்குள் நான்கு முறை விரலில் மை. அந்த நான்காவது முறையில் ராஜன் செல்லப்பா மார்க்சிஸ்ட் வேட்பாளர் பொன்னுத்தாயைத் தோற்கடித்தார். மாநிலத்தில் ஆட்சி தி.மு.க.வுக்குப் போன தேர்தலில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாகக் கோட்டைக்குப் போனார்.

தொகுதியின் வரைபடத்தை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும். திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி, அவனியாபுரம். 2011இல் மாநகராட்சிக்குள் வந்த ஊர்கள். அவருடைய மேயர் காலத்தில்தான் இந்த ஊர்கள் முதல்முறையாக அண்ணா மாளிகைப் பக்கம் பார்க்கத் தொடங்கின. இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லை விரிந்தபோது விழுந்த ஓட்டும் பழகிய முகமும் வீணாகவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மதுரைக்கு 2022 மார்ச்சில் மறுபடி மேயர் வந்தார். 57ஆவது வார்டு கவுன்சிலர் இந்திராணி. மாநில அரசியலில் அதுவரை கேள்விப்படாத பெயர். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறையில் இப்படிப்பட்ட பெயர்தான் வர முடியும். ஊரின் ஓட்டைக் கையில் வைத்திருக்கும் ஒரு ஆள் உள்ளூர் அமைச்சர்களுக்கு உவப்பாக இருக்க மாட்டார். 2025 அக்டோபரில் அவர் பதவி விலகினார்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. தெருவிளக்கு, கால்வாய், தெருமுனையில் சாய்ந்து நிற்கும் கம்பம் என்று மனு எழுதும் பழக்கம் விடவில்லை. ஹார்விபட்டி முக்கில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அவரைத் தெரியும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றாலும் சரி, ஆளும்கட்சிக் கவுன்சிலர் என்றாலும் சரி, மனு கடைசியில் கமிஷனர் மேஜைக்குத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. போன மாதம் நான் போயிருந்தபோது கடைக்காரப் பையன் கேட்டான், "தாத்தா, வழக்கம்போல மூணா?"

"எம்.எல்.ஏ.வுக்கும் சேத்து நாலு போடு" என்றார்.